விடுமுறைக்கு வந்து திரும்பும் பிள்ளைகள்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு தாய் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் இங்கிலாந்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். டிசம்பரில் ராத்தாவின் நிக்காஹ்வுக்கு ஊர் வந்து, மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பியவர். “முத தடவை போனப்பகூட நல்லாத்தான் பேசுனான். இப்ப வந்துட்டுப் போனதுலேர்ந்து போனே எடுக்க மாட்டேங்குறான்” என்று அழுதார். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் மூலம் விசாரித்தோம். ஜனவரித் தேர்வில் இரண்டு தாள்களை அந்தப் பிள்ளை எழுதவே இல்லை. மூன்று வாரமாக வகுப்புக்கும் போகவில்லை. அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

இதே போன்று வேறு சில பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். முதல் முறை அனுப்பும்போது குடும்பமே கூடி யோசிக்கிறோம். திரும்பிப் போகும்போது, “பழகின இடந்தானே” என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் இரண்டாவது பயணம்தான் பலருக்குக் கடினம். முதல் முறை எல்லாமே புதிது. பல்கலைக்கழகம் வரவேற்பு நிகழ்ச்சி நடத்தும், சீனியர் மாணவர்கள் கூடவே வருவார்கள். இரண்டாவது முறை வரவேற்க யாரும் இல்லை. நேற்றுவரை இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டிலிருந்து, பூட்டிக் கிடந்த குளிர்ந்த அறைக்குப் போகிறார்கள். பல பல்கலைக்கழகங்களில் முதல் பருவத் தேர்வும் விடுமுறை முடிந்த கையோடு ஜனவரியில்தான் வருகிறது. கல்யாண வீட்டில் புத்தகம் திறக்க யாருக்கு முடியும்?

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இருக்கும் நமக்கு அது புரிவதில்லை. ஜனவரி தொடக்கத்தில் லண்டனில் சூரியன் உதிப்பது காலை 8 மணிக்கு மேல், மறைவது மாலை 4 மணியளவில். லுஹர் 12 மணிக்குச் சற்றுப் பின், ஷாஃபி கணக்குப்படி அஸர் 2 மணிக்கு முன்பே, மஃக்ரிப் 4 மணிக்கு. மூன்று வக்தும் வகுப்பு நேரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஊரில் பாங்கு சத்தத்தோடு ஜமாஅத்தாகத் தொழுது பழகிய பிள்ளை, அங்கே ஆய்வுக்கூடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் இடம் தேடித் தொழ வேண்டும். முதல் வாரத்தில் தொழுகை தவறினால் மனசும் சோர்ந்துவிடும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தொழும் அறையும் இஸ்லாமிய மாணவர் சங்கமும் இருக்கின்றன. இச்சங்கங்களின் கூட்டமைப்பான ஃபோஸிஸ் 1963 முதல் இயங்குகிறது. திரும்பிய வாரத்து ஜும்ஆவுக்கு நண்பரோடு போகச் சொல்லுங்கள். அறையிலிருந்து வெளியே வர அதைவிட நல்ல காரணம் கிடையாது.

அடுத்தது போன். குளிர்காலத்தில் பிரிட்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது; மார்ச் கடைசி ஞாயிறு முதல் நான்கரை மணி நேரம். உம்மா சுபுஹு தொழுதுவிட்டு 6 மணிக்குப் பேசினால் அங்கே நள்ளிரவு 12.30. பிள்ளை உம்மாவோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஊர் நினைப்பில் தூக்கம் வராமல் கிடப்பார். பிறகு சுபுஹும் போகும், 9 மணி வகுப்பும் போகும். நாம் இரவு 10 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை 4.30. வகுப்பு முடிந்து, இருட்டு தொடங்கி, மனசு கனக்கும் நேரம் அதுதான். அப்போது பத்து நிமிடம் பேசினால் போதும். “சாப்பிட்டியா” என்பதோடு நிறுத்தாமல், “இன்னைக்கு என்ன வகுப்பு நடந்துச்சு” என்றும் கேளுங்கள். பதிலில் ஏதாவது தடுமாற்றம் இருந்தால் அதட்ட வேண்டாம். வாப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

மறைப்பதால் வரும் நஷ்டம் பெரியது. மாணவர் விசாவில் இருப்பவர் ஒழுங்காகப் படிக்கிறாரா என்று பல்கலைக்கழகம் கண்காணிக்க வேண்டும். காரணம் சொல்லாமல் தொடர்ந்து வராவிட்டால், உள்துறைக்குத் தெரிவித்து விசாவே ரத்தாகும் நிலை வரலாம். அதே சமயம் உடல்நலக் குறைவு, மனச்சோர்வு, குடும்பத்தில் மௌத் போன்ற காரணங்களை உரிய நாளுக்குள் எழுதிக் கொடுத்து ஆதாரம் காட்டினால், தேர்வைப் பின்னர் எழுத வாய்ப்புத் தருகிறார்கள். மனநல ஆலோசனையும் பல்கலைக்கழகத்தில் இலவசம். அதற்குப் போவது பைத்தியத்துக்கு அடையாளம் என்று நம் வீடுகளில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பிள்ளையின் காதில் விழாமல் இருக்கட்டும். கைச்செலவுக்கு முட்டுப்பட்டு, பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பதும் பட்டப்படிப்பு மாணவருக்கு விசா விதிமீறல். பணம் அனுப்பத் தாமதமாகும் என்றால் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

ஊர் வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் பழைய அனுமதி அட்டைகள் 31.12.2024 உடன் முடிந்து, இப்போது எல்லாம் இ-விசா. புதிய பாஸ்போர்ட் எண்ணை யுகேவிஐ இணையக் கணக்கில் பதியாமல் விமான நிலையம் போனால் அங்கே சிக்கலாகும். டிக்கெட் போடும்போதே வகுப்புக்கு முதல் நாள் இறங்காமல் நான்கைந்து நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி பாருங்கள். “இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போ” என்று பிடித்து வைக்கும் மாமிமார்களுக்கும் இதைப் படித்துக் காட்டலாம்!

பெட்டியில் என்ன வைப்பது என்பது உம்மாமார்களின் தனிப் பாடம். இந்தியாவிலிருந்து இறைச்சி, பால் பொருட்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. உப்புக்கண்டம், இறைச்சி ஊறுகாய், நெய், பால்கோவா எல்லாம் சுங்கத்தில் போய்விடும். கருவாடும் மாசியும் போகலாம். மீன் வகை மொத்தம் 20 கிலோ வரை அனுமதி உண்டு. மசாலாப் பொடிகளை வீட்டில் இடித்துப் பொட்டலம் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். இறங்கிய அன்று இரவே சோறாக்கி, பக்கத்து அறைப் பிள்ளையையும் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அந்தத் தாயின் மகன் நம் ஊர்க்காரரோடு போய்த் தன் துறை ஆசிரியரைப் பார்த்தார். மருத்துவர் கடிதம் கொடுத்தார். விட்ட இரண்டு தாள்களை ஆகஸ்டில் எழுதித் தேறினார், அல்ஹம்துலில்லாஹ். இந்த டிசம்பரில் அவர் ஊர் வருகிறார். ஜனவரியில் திரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் அவரோடு உட்கார்ந்து பேச, இஷாவுக்குப் பிறகு நமது அலுவலகத்தில் ஏற்பாடு செய்துள்ளோம், இன்ஷா அல்லாஹ். பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் சொல்லி வைக்கவும்.