வீட்டுக்குள் வந்தால் வெண்ணெய் கடையணும்! அயர்லாந்து கிராமங்களில் ஏன் இந்த வழக்கம்?

வெண்ணெய் கடையும் நேரத்தில் யாராவது வீட்டுக்குள் நுழைந்தால், சும்மா பேசிவிட்டுக் கிளம்ப முடியாது. கோலை வாங்கி நாலு இடி இடித்துவிட்டுத்தான் போகணும். இல்லைன்னா அந்த வீட்டு வெண்ணெயின் அதிர்ஷ்டமும் அவர் பின்னாடியே போய்விடும். 20-ம் நூற்றாண்டிலும் அயர்லாந்து கிராமங்களில் இந்த நம்பிக்கை இருந்தது.

எப்படிக் கடைந்தார்கள்?

சில நாள் சேர்த்துவைத்து, லேசாகப் புளித்த பாலாடையை உயரமான மரத் தாழியில் ஊற்றுவார்கள். மத்து போலச் சுழற்றுவதில்லை. மூடியில் உள்ள துளை வழியாக நீண்ட கோலை விட்டு, மேலும் கீழுமாக இடிப்பார்கள். கொழுப்புத் துளிகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு உடையும். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரளும். அதைத் தண்ணீரில் அலசி, உப்பு சேர்த்துப் பிசைவார்கள். மிச்ச மோர் குடிக்கவும், சோடா ரொட்டி சுடவும் உதவும்.

ஏன் அவ்வளவு பயம்?

பாலாடை ரொம்பக் குளிர்ந்தாலும் சரி, சூடானாலும் சரி, வெண்ணெய் ஒழுங்காகத் திரளாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் இதற்குக் காரணம் தெரியாது. "யாரோ மந்திரம் வைத்து வெண்ணெயைத் திருடிட்டாங்க" என்று சந்தேகம் அக்கம்பக்கத்தில் போய் நிற்கும். மே 1-ம் தேதி இந்தப் பயம் உச்சத்தில் இருக்கும். கடையும்போது அடுப்பிலிருந்து நெருப்பு கேட்டால்கூடத் தரமாட்டார்கள்.

இதன் பின்னால் இருந்தது பணம். வெண்ணெயும் முட்டையும் விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில்தான் புழங்கியது. வெண்ணெய் திரளவில்லை என்றால், அந்த வாரம் மளிகைக் கடையில் கடன்தான்.

அந்தக் காசு எங்கே போனது?

19-ம் நூற்றாண்டின் இறுதியில் பாலாடையைப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. 1889-ல் லிமரிக் மாவட்டத்தின் ட்ரோம்கொல்லிஹரில் கூட்டுறவு வெண்ணெய் ஆலை தொடங்கியது. பிறகு ஊருக்கு ஊர் ஆலைகள் முளைத்தன. ஒரு காலத்தில் வீட்டு வெண்ணெய் மலைபோல் வந்து குவிந்த கார்க் நகர வெண்ணெய்ச் சந்தை, 1924-ல் மூடப்பட்டது.

பெண்களின் கைவலி குறைந்தது உண்மைதான். ஆனால் ஆலைக்குப் பாலை வண்டியில் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பாலுக்கான பணமும் பல வீடுகளில் அவர்கள் கைக்கே போனது. அண்டை வீட்டாரிடமிருந்து அத்தனை கவனமாகக் காத்த வெண்ணெய்க் காசு, பெண்களின் கையைவிட்டுப் போனது இப்படித்தான்.