கொத்து கொத்தா முடி கொட்டுதா? எண்ணெயை மாத்தாதீங்க, ரத்தத்தை பாருங்க!

மதுரை:-

தலையில் முடி கொட்ட ஆரம்பித்தால் நம்மவர்கள் முதலில் ஓடுவது எண்ணெய் கடைக்குத்தான். ஒரு பாட்டில் தீர்ந்தால் அடுத்த கம்பெனி. ஆனால் கோளாறு பல நேரம் தலையில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது.

தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது சகஜம். அதற்கு பயப்பட தேவையில்லை. சீப்பிலும் தலையணையிலும் கொத்து கொத்தாக வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

3 மாசத்துக்கு முன்னாடி என்ன?

டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது... இதெல்லாம் நடந்து 2, 3 மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். 2020, 21ல் கொரோனா வந்து தேறிய பலருக்கும் இப்படித்தான் கொட்டியது. இந்த வகை பெரும்பாலும் 6 மாதத்தில் தானாகவே சரியாகி விடும்.

ரத்த சோகை

பெண்களுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று இது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் 12க்கு கீழே போனால் ரத்தம் குறைவு என்று அர்த்தம். முடி கொட்டுவதோடு மூச்சு வாங்குவது, அசதி, தலைசுற்றல் இருந்தால் தாமதிக்கக்கூடாது. மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் மூலம், குடல் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தைராய்டு

முடி வறண்டு நார் மாதிரி ஆவது, புருவத்தின் ஓரம் உதிர்வது, உடம்பு பெருப்பது, எப்போதும் சோர்வு... இவை தைராய்டு குறைவின் அறிகுறிகள். இளம்பெண்களுக்கு உச்சந்தலையில் முடி குறைந்து, மாதவிலக்கும் தள்ளிப்போனால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கலாம்.

புழுவெட்டா?

காசு அளவுக்கு வட்டமாக முடி போவதை புழுவெட்டு என்கிறோம். புழு எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரை தாக்குவதுதான் காரணம். குழந்தைகளுக்கு செதில் செதிலாக உரிந்து, அரித்து, முடி உடைந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஒரே சீப்பை பயன்படுத்தினால் வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். இதற்கு களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

உணவே காரணமாகவும் இருக்கலாம். மராட்டிய மாநிலம் புல்தானா மாவட்ட கிராமங்களில் 2025 ஜனவரியில் பலருக்கு சில நாட்களிலேயே தலை வழுக்கையானது. முதலில் தண்ணீர் மீதுதான் பழி போட்டார்கள். பரிசோதித்தபோது அவர்கள் உடம்பில் செலினியம் என்ற தாது அளவுக்கு மீறி இருந்தது. சாப்பிட்ட கோதுமை மீது சந்தேகம் திரும்பியது.

என்ன செய்யணும்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு காசு கிடையாது. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் தோல் நோய்க்கு தனிப்பிரிவே உள்ளது. முருங்கைக்கீரை, கம்பு, ஈரல், சுவரொட்டி சாப்பிடலாம். கூடவே நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த சத்து சரியாக சேராது. இரும்புச்சத்து மாத்திரையை டாக்டரை கேட்காமல் விழுங்கக்கூடாது.

பரம்பரை வழுக்கை வேறு விஷயம், அதற்கு கவலை வேண்டாம். ஆனால் திடீரென்று கொட்டினால், அடுத்த எண்ணெய் பாட்டில் வாங்கும் முன் ஒரு ரத்த பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.