தேய்ந்து எஞ்சிய சிகரம்

மார்கழிப் போயாவோடு யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டால் ஜிந்துப்பிட்டியிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வான் பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் புறப்படுகிறவர்கள் பலர். மஸ்கெலியாவைத் தாண்டியதும் 2,243 மீற்றர் உயரச் சிகரம் கூராகத் தனித்து நிற்கும். அதைப் பார்த்தவுடன், இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்திருக்கும் என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. படங்களில் நாம் கண்டு பழகிய எரிமலைகளுக்கும் இதே கூம்பு வடிவம்தான். ஆனால் இது எரிமலை அல்ல. மலையின் பிறப்பைத் தவறாக விளங்கிக்கொண்டால் அதை நடத்தும் விதமும் தவறாகிவிடும் என்பதால், இதைத் திருத்திக்கொள்வது அவசியம்.

ஜப்பானின் ஃபூஜி, எரிகுழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகக் குவிந்து உயர்ந்த மலை. அந்தமான் கடலின் பாரன் தீவு நெடுங்காலம் உறங்கி, 1991இல் மீண்டும் குமுறியது. அவை கீழிருந்து கட்டப்பட்டவை. சிவனொளிபாதமலையோ மேலிருந்து செதுக்கப்பட்டது. படிக்கட்டோரம் வெட்டுண்ட பாறையை டோர்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறிமாறி ஓடுவது தெரியும். சில இடங்களில் செந்நிற மணிகளாகக் கார்னெட் பதிந்திருக்கும். பூமிக்கு அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து நசுங்கி உருமாறிய பாறையின் அடையாளம் இது. ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கை இந்தியாவோடும் மடகஸ்காரோடும் அண்டார்க்டிக்காவோடும் ஒட்டிக் கிடந்த காலத்தில் அந்த உருமாற்றம் நடந்தது. மேலே மூடிக் கிடந்ததையெல்லாம் பிறகு மழையும் ஆறும் அரித்துக் கொண்டுபோக, எளிதில் கரையாத பாறை மட்டும் சிகரமாக மிஞ்சியது. அப்படி அரித்துப்போனதில் ஒரு பங்குதான் இரத்தினபுரிச் சுரங்கங்களில் ‘இல்லம்’ எனப்படும் மணிக்கல் சரளை. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நீலக்கற்கள் பெரும்பாலும் எரிமலைப் பாறையோடு சேர்ந்து கிடைக்கின்றன. நம் நீலக்கல்லோ உருமாறிய பாறையில் விளைந்தது.

விடியலில் மேற்கே விழும் நிழல் அச்சுப் பிசகாத முக்கோணமாக இருக்கிறதே என்று கேட்கலாம். எந்த மலையின் உச்சியில் நின்று பார்த்தாலும் நீண்ட நிழல் தொலைவில் குவிந்து முக்கோணமாகத்தான் தெரியும். மலை எந்த வடிவில் இருந்தாலும் அப்படித்தான். எரிமலைக்குச் சான்றாகக் கன்னியா வெந்நீரூற்றுக்களைக் காட்டுவது இதைவிட வலுவான வாதம். பூமியில் ஆழம் போகப்போகச் சூடு ஏறும். பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்கே சூடாகித் திரும்புகிறது. அதற்கு எரிமலை தேவையில்லை.

பாதத்தைத் தரிசிக்கப் போகிறவருக்குப் பாறையின் கதை எதற்கு என்ற கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். எரிமலை புதிதாகக் கக்கும் சாம்பல் காலப்போக்கில் வளமான மண்ணாகும். இங்கே அரித்துப்போகும் மண்ணை அப்படி ஈடுசெய்ய எதுவுமில்லை. மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் மழையைக் காணும் இடங்களும் உண்டு. செங்குத்தான பாறைமேல் இருக்கும் மெல்லிய மண்ணைக் காட்டின் வேர்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. 1940இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்ற இந்தக் காட்டில், 1853இல் விவரிக்கப்பட்டு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட புள்ளித் தவளை ஒன்று உயிரோடிருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான காரணம் தண்ணீர். இந்தச் சரிவுகளில் ஊறும் நீர் மஸ்கெலியா ஓயாவாகி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கடந்து களனி கங்கையில் சேர்கிறது. அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படும் அந்தக் களனி நீரைத்தான் கொழும்பு குடிக்கிறது.

வெசாக் போயாவோடு யாத்திரை முடியும் வேளையில்தான் தென்மேற்குப் பருவமழையும் இறங்கத் தொடங்குகிறது. ஐந்து மாதமாகப் படியோரம் எறிந்த போத்தலும் ஷொப்பிங் பையும் முதல் பெருமழையிலேயே ஓடைக்குப் போய்விடும். கடைசிப் பக்தர் இறங்கிய பிறகு துப்புரவைத் தொடங்கினால் மழை முந்திக்கொள்ளும். சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த கையோடு சரிவுகளைத் துப்புரவாக்கியாக வேண்டும்.