கணக்கு மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம்

உள்ளே வாங்கோ, சத்தம் போடாமல். வட்டார முடிவுகள் வந்தாயிற்று. வெளியே வெடி கொளுத்தியாயிற்று, வென்றவர் கழுத்தில் மாலையும் விழுந்தாயிற்று. தேர்தல் முடிந்ததென்று சனம் வீட்டுக்குப் போகிற நேரம் இது. இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இனிமேல்தான்!

முதலில் இந்த வாக்குச்சீட்டைப் பாருங்கள். வேட்பாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. கட்சி அல்லது சுயேச்சைக் குழு, சின்னம், பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம், அவ்வளவுதான். வீடு, சைக்கிள், வீணை, சங்கு, திசைகாட்டி, தொலைபேசி என்று சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. போடவேண்டியது ஒரே ஒரு புள்ளடி. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் போஸ்டருக்கு மேல் மற்றவர் போஸ்டர் ஒட்டிய காலம், உள்ளூராட்சியைப் பொறுத்தவரை 2018 பெப்ரவரி 10ஆம் திகதியோடு முடிந்தது. கலப்பு முறையில் நாடு முதன்முதலாக வாக்களித்த நாள் அது. உறுப்பினரில் 60 வீதம் வட்டாரத்திலிருந்து, 40 வீதம் பட்டியலிலிருந்து. (2012இல் சட்டம் வந்தபோது 70க்கு 30 என்றுதான் இருந்தது. 2017இல் திருத்தினார்கள். நல்ல திருத்தம் என்பேன், சின்னக் கட்சிகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.)

அந்த ஒற்றைப் புள்ளடிக்கு இரண்டு வேலை. வட்டாரத்தில் யார் வெல்வது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பிறகு மற்ற எல்லா வட்டாரத்து வாக்குகளோடும் சேர்ந்து, முழுச் சபையிலும் அந்தக் கட்சிக்கு எத்தனை கதிரை என்பதையும் தீர்மானிக்கிறது. வட்டாரத்தில் தோற்ற வாக்கு செத்துப்போவதில்லை. இந்த மேசைக்கு வந்து உயிர்க்கிறது!

கணக்கைப் பாருங்கோ. கற்பனையாக ஒரு பிரதேச சபை: 20 உறுப்பினர், 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 10,000. இருபதால் பிரித்தால் 500. ஒரு கதிரையின் விலை அது. முதற்கட்சிக்கு 4,100 வாக்கு, ஒன்பது வட்டாரம் அதன் கையில். இரண்டாவதற்கு 3,300, மூன்று வட்டாரம். மூன்றாவதற்கு 1,700, நான்காவதற்கு 900, இரண்டுக்கும் வட்டாரம் ஒன்றும் இல்லை. வெடி கொளுத்தியது யாரென்று சொல்லவேண்டியதில்லை.

இப்போது 500ஆல் பிரியுங்கள். எட்டு, ஆறு, மூன்று, ஒன்று. மொத்தம் பதினெட்டுத்தான் வந்தது. மிஞ்சிய இரண்டு கதிரையும் மீதி வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு. நான்காவது கட்சியிடம் மீதி 400, இரண்டாவதிடம் 300. ஆளுக்கொன்று! வட்டாரமே வெல்லாத கட்சி இரண்டு பேரோடு சபைக்குள் போகிறது. மூன்றாவதற்கு மூன்று. இரண்டாவதற்கு உரித்து ஏழு, வட்டாரத்தில் மூன்று ஏற்கெனவே இருப்பதால் பட்டியலில் நான்கு.

முதற்கட்சிக்கு உரித்து எட்டுத்தான், ஆனால் ஒன்பது வட்டாரம் வென்றுவிட்டதே? வென்றவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. சபையே ஒரு கதிரை பெருக்கிறது. இருபது பேர் சபை இருபத்தொன்று. பன்னிரண்டில் ஒன்பது வட்டாரத்தை அள்ளிய கட்சி, இருபத்தொருவரில் ஒன்பது பேரோடு பெரும்பான்மை இல்லாமல் நிற்கிறது!

சபை இப்படிப் பெருப்பது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 2018இல் கொழும்பு மாநகர சபையில் ஐக்கிய தேசியக் கட்சி 60 ஆசனம் எடுத்தது. பாதிக்கும் குறைந்த வாக்குதான், ஆனால் வட்டாரங்களில் பெரும்பாலானவை அதனுடையவை. 110 பேருக்கென்று வகுத்த சபை 119 ஆயிற்று.

அடுத்த அறைக்கு வாங்கோ. இங்கே தொலைபேசி ஓயாது. எத்தனை பட்டியல் ஆசனம் என்பதைச் சட்டம் சொல்லும். யார் அதில் உட்காருவது என்பதைக் கட்சிச் செயலாளர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். பட்டியலில் உள்ளவரும் போகலாம், வட்டாரத்தில் தோற்றவரும் போகலாம். வாக்காளர் கை எட்டாத இடம் இது. எனக்கு மனம் ஆறாத இடமும் இதுதான்.

ஆனால் இதே அறையில் இன்னொன்றும் நடக்கிறது, அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வேன். உறுப்பினரில் 25 வீதம் பெண்கள் என்பது விதி. வட்டாரங்களில் ஆண்களே வென்று வந்தால், குறையைப் பட்டியலில் பெண்களைப் போட்டுத்தான் நிரப்பவேண்டும். மிகச் சிறிய கட்சிகளுக்கு விலக்கு உண்டு, வட்டாரங்களிலேயே உரித்தை நிரப்பிவிட்ட கட்சிக்குப் பட்டியல் ஆசனமே வராது. அதனால் எல்லாச் சபைகளிலும் 25 எட்டவில்லை. இருந்தாலும் முன்பு நூறில் இரண்டு பெண்கள்கூட இல்லாத உள்ளூராட்சி மன்றங்களில், 2018க்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்கு மேல் பெண்கள். வீதி விளக்கையும் வடிகாலையும் குப்பை வண்டியையும் பற்றிப் பேச அவர்களை விடத் தகுதியானவர் யார்?

கடைசிக் காட்சி, முதற்கூட்டம். ஒரு கட்சிக்கும் பாதி இல்லாவிட்டால், மேயரை அல்லது தவிசாளரைத் தேர்ந்தெடுக்க உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டத்தைக் கூட்டுவார். பகிரங்க வாக்கா, இரகசிய வாக்கா என்பதற்கே முதலில் ஒரு வாக்கு! 2025 மே 6இல் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. கொழும்பில் முதலிடம் பிடித்த தேசிய மக்கள் சக்திக்கு 117இல் 48தான். ஜூனில் இரகசிய வாக்கெடுப்பு. 61க்கு 54 என்று அதன் வேட்பாளர் விராய் கெலி பல்தசார் மேயரானார். சொந்தக் கட்சிக்கு வெளியிலிருந்து குறைந்தது பதின்மூன்று வாக்கு வந்திருக்கிறது. யாருடையவை என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. இரண்டு பக்கமும் சமனாக விழுந்தால் பெயரை எழுதிச் சுருட்டித் திருவுளச்சீட்டுத்தான். 2018இல் சில சபைகளின் தவிசாளர்களைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சீட்டுத்தான்!