வயற்காவலும் நச்சுத்தீனியும்: காட்டுப்பன்றி அழிப்பு முறைகள் பற்றிய ஒரு நோக்கு

காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களுக்குச் சோறளிப்பவை மேற்கே விரிந்து கிடக்கும் நெல்வட்டைகளாகும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்துக்கு நீரைக் கொணர்ந்தது. அதனோடு வயலையும் காட்டையும் ஒன்றையொன்று தொடும்படியும் செய்தது. 1954 இல் கல்லோயா தேசிய வனம் ஒதுக்கப்பட்டது. போர்க்காலத்திலே கைவிடப்பட்டுப் பற்றைக்காடான உட்புறக் காணிகளும் பன்றிக்குப் புகலிடமாயின. யானை வந்தால் ஊர் திரளும், செய்தியும் வரும். பன்றி வந்துபோவதோ விடிந்த பின்னரே தெரியும்.

காட்டுப்பன்றியின் கர்ப்பகாலம் நான்கு மாதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டிகள் சாதாரணம். பெட்டைகள் குட்டிகளோடு கூட்டமாகவும், முதிர்ந்த ஆண்கள் தனித்தும் திரியும். பால்பிடித்த கதிரை அவை தின்பதைவிட மிதித்தும் உழுதும் வரம்பை உடைத்தும் கெடுப்பது அதிகம்.

இச்சிக்கல் புதியதன்று. நற்றிணையின் 119 ஆம் பாடலில், தினை தின்னும் பன்றிக்காகப் புனவன் அமைத்த 'அடார்' என்னும் கற்பொறியில் புலி அகப்படுகிறது. அப்பாடலின் நோக்கம் வேறாயினும், ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றைக் கொல்லும் என்ற உண்மை அதில் உண்டு. 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணியில் கண்ணியொன்றில் சிக்கி உயிரிழந்த கருஞ்சிறுத்தையை இதனோடு ஒப்புநோக்கலாம்.

மட்டக்களப்புப் பிரதேசம் முழுவதிலும் பரண் காவல் ஒரு காலத்தில் வேளாண்மையின் பிரிக்கமுடியாத கூறாக இருந்தது. அதனைப் பற்றிய நாட்டார் பாடல்களை நாம் சுவைப்பதுண்டு. ஆனால் அந்த இரவுகளில் கண்விழித்தவன் பெரும்பாலும் போடியார் அல்லர், முல்லைக்காரனும் கூலியாளுமே என்பது போதியளவு கவனிக்கப்பட்டதில்லை. காவல் மலிவாயிருந்தது, அவனது உழைப்பு மலிவாயிருந்தமையாலேயே. இளைஞர் நகருக்கும் மத்திய கிழக்குக்கும் பெயர்ந்த பின்னர் அவ்வுழைப்புக்கு விலை ஏறிற்று. பரண் வெறுமையானது, அதனிடத்தைக் கட்டுத்துவக்கும், சட்டவிரோத மின்கம்பியும், வெடித்தீனியும், நஞ்சும் பிடித்துக்கொண்டன. இவை கூலி கேளாத காவலாளிகள்.

இவற்றுள் சிங்களத்தில் 'ஹக்க பட்டஸ்' எனப்படும் வெடித்தீனி மிகக் கொடியது. வெடிமருந்தை இரையினுள் பொதிந்து வைப்பர். கடித்ததும் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடிக்குமாயின் அது உடனே சாவதில்லை. உண்ண இயலாது நாட்கணக்கில் மெலிந்து சாகும். இலங்கையில் யானைகள் மடிவதற்குரிய முதன்மையான காரணங்களுள் இதுவும் ஒன்று.

நச்சுத்தீனியை ஆதரிப்போர் வெளிநாடுகளைச் சுட்டுவர். அமெரிக்காவில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பன்றிகள் காட்டில் திரிகின்றன. அவை வந்தேறிய இனம். 2017 இல் ரெக்சஸ் மாநிலம் குருதி உறையாமையை உண்டாக்கும் 'வோபரின்' தீனியை அனுமதித்தது. வேட்டைக்காரரும் இறைச்சி வணிகரும் எதிர்த்தமையால் சில மாதங்களுள் உற்பத்தியாளரே பின்வாங்கினர். அடுத்து வந்தது சோடியம் நைத்திரைற்று. இது குருதியின் ஒட்சிசன் காவும் ஆற்றலைக் கெடுக்கிறது; அதனைச் சீர்செய்யும் நொதியம் பன்றியிடம் குறைவாதலால் அது விரைவில் இறக்கிறது. பன்றியன்றி வேறு விலங்கு திறக்கவியலாத பாரமான மூடியுள்ள பெட்டியிலேயே இத்தீனி வைக்கப்படுகிறது. அவ்வாறிருந்தும் 2018 இல் ரெக்சஸில் நடந்த பரிசோதனையில், பன்றிகள் சிந்திய துணுக்குகளை உண்டு பறவைகள் மடிந்தமையால் வேலை நிறுத்தப்பட்டது.

நம் நாட்டிலோ பன்றி வந்தேறியன்று, சுதேச விலங்கு; சிறுத்தைக்கு இரை. பெட்டியும் இல்லை, மேற்பார்வையும் இல்லை. பயிருக்கென வாங்கிய பீடைகொல்லியே தீனியில் கலக்கப்படுகிறது. அதனை நாயும் மாடும் மயிலும் தின்னும். இப்பகுதியின் முஸ்லிம் விவசாயிக்குப் பன்றியிறைச்சி விலக்கு. அவனுக்குப் பன்றியால் வருவது முழு நட்டமே. அயலிலோ அதை உண்போர் உள்ளனர். வாய்க்கால் ஓரம் கிடக்கும் உடலைப் பார்த்து, அது எதனால் செத்தது என்று எவரும் அறிய முடியாது.

நஞ்சு வயலோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் வருகிறது. 1995 இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. அவ்வாண்டு மொனோகுரோட்டொபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகியனவும், 1998 இல் என்டோசல்பானும் தடைசெய்யப்பட்ட பின்னர் அவ்வீதம் பெருமளவு வீழ்ந்தது. அத்தகைய கடுநஞ்சைப் பன்றியின் பேரால் மீண்டும் மாடத்தில் வைக்கச் சொல்வோர் இவ்வரலாற்றை எண்ணுதல் வேண்டும்.

மாற்றுவழிகள் இலகுவானவை அல்ல. ஒன்றிரண்டு பன்றியைச் சுட்டால் கூட்டம் சிதறி வேறு வட்டைக்குப் போகும். எனவே முழுக் கூட்டத்தையும் பல நாள் இரைவைத்துப் பழக்கி ஒருசேரப் பிடிக்கும் பட்டியே பயனுள்ளது. யானைக்கென உயரமாகக் கட்டிய மின்வேலியின் கீழாகப் பன்றி நுழைந்துவிடும். நிலத்தை ஒட்டி ஓரிரு கம்பிகள் கூடுதலாக வேண்டும். அந்த வேலி கணநேரத் துடிப்பாகவே மின்னைச் செலுத்துவதால் உதைக்குமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கொளுவிய கம்பியோ ஆளையும் கொல்லும்.

பட்டியும் வேலியும் தனியொருவன் செய்யக்கூடியவை அல்ல. 1958 இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தோற்றுவித்தபோது குத்தகைக்காரனும் பேசும் இடமொன்று உண்டாயிற்று. நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் இன்றும் ஆரம்பக் கூட்டத்தில் வட்டை விதானையின் முன்னிலையில் ஒருங்கே தீர்மானிக்கின்றனர். காவலின் செலவை ஏக்கர்க் கணக்கில் காணிக்காரர்மீது பகிர்வதையும் அதே கூட்டத்தில் எடுக்கலாம். எதிர்ப்பு வரும், பத்து ஏக்கர்க்காரரிடமிருந்தே முதலில் வரும்.