எழுத்து உடையாமல் வரைய: கணினி வரைகலையில் அடுத்த படி



சென்ற ஆண்டு நமது அறக்கட்டளையின் நோட்டீஸ் ஒன்று அச்சாகி வந்தபோது, தலைப்பிலிருந்த பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றன. ஆயிரம் பிரதிகளையும் விநியோகிக்காமல் எடுத்து வைத்தோம். வடிவமைத்த தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மூன்று மாத டிடிபி வகுப்பு முடித்தவர். கட்டம், வட்டம், வண்ணம் எல்லாம் தெரியும். அடுத்த படியை யாரும் சொல்லித் தரவில்லை. நம் பகுதிப் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இலவசமாகவே கிடைக்கும் இங்க்ஸ்கேப் ஆகியவை வெக்டர் மென்பொருள்கள். இவை படத்தைப் போட்டோ போலப் புள்ளி புள்ளியாகச் சேமிப்பதில்லை. கோட்டின் கணக்கைச் சேமிக்கின்றன. அதனால் விசிட்டிங் கார்டுக்கு வரைந்த சின்னத்தைப் பத்தடி ஃபிளெக்ஸ் பேனராக்கினாலும் ஓரம் பிசிறாது. அந்த வளைகோட்டுக்கு 'பெஸியே' என்று பெயர். 1960-களில் பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெஸியே, கார் உடலின் வளைவுகளை வடிவமைக்க இதைப் பயன்படுத்திப் பரவலாக்கினார்.

கோட்டிலுள்ள புள்ளி 'நோட்'. அதிலிருந்து இருபுறமும் நீளும் 'ஹேண்டில்' வளைவைத் தீர்மானிக்கும். புதிதாகப் பழகுபவர் ஒரு வளைவுக்குப் பத்து நோட் வைப்பார், கோடு நடுங்கும். வளைவு மேலே, கீழே, இடம், வலம் என எங்கே திரும்புகிறதோ, அங்கே மட்டும் வைத்தால் போதும். முழு வட்டத்துக்கே நான்குதான். கடைப் பலகை ஒன்றின் 'அ' எழுத்தைப் போட்டோ எடுத்து அடியில் வைத்து, பென் டூலால் வரைந்து பழகச் சொல்லுங்கள். தானாக வரைந்து தரும் டிரேஸ் வசதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். அது நோட்களை அள்ளிக் கொட்டிவிடும், கையும் பழகாது.

இந்த அளவுக் கட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் இப்னு முக்லா, பேனா முனை இடும் நுக்தாவைக் கொண்டே எழுத்தின் அளவுகளை வகுத்தார். 1927-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி 'முஸல்மான்' உருது நாளிதழைக் காத்திபுகள் கையால் எழுதியே அச்சுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்தது, வடிவங்களைச் சேர்ப்பதும் வெட்டுவதும். பிறையைக் கையால் வரையத் தேவையில்லை. ஒரு வட்டத்தின் மீது சற்று விலக்கி இன்னொரு வட்டத்தை வைத்து வெட்டினால் பிறை நிற்கும். இங்க்ஸ்கேப்பில் இதற்கு 'டிஃபரன்ஸ்', கோரலில் 'டிரிம்'.

இனி நம் நோட்டீஸ் விஷயம். வலமிருந்து இடமாக எழுதத் தெரியாத பழைய மென்பொருளில் அரபியை ஒட்டினால் எழுத்துகள் உடைந்து திரும்பிவிடும். தமிழிலும் எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம் மாறும். யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, அரபி ஓதத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகு, எழுத்தை வளைகோடாக மாற்ற வேண்டும். கோரலில் கண்ட்ரோல்-கியூ, இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட்-கண்ட்ரோல்-சி. பிறகு அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் மாற்றிய பின் எழுத்துப் பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காக நான்கு ஓரமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

இவ்வாண்டு நோட்டீஸையும் அதே தம்பிதான் வரைந்தார். ஹஜ்ரத் இருமுறை வாசித்துத் தலையசைத்த பிறகே எழுத்தை வளைகோடாக மாற்றினார்.