கொடைக்கானல் சமையல் கட்டு: எதை மாற்றலாம்? எதைப் பழுது பார்க்கலாம்?

கொடைக்கானலில் பருப்பு லேசில் வேகாது. கீழேயிருந்து மலைக்குக் குடி போகிறவர்களுக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

"அடுப்பு சரியில்லை" என்பார் மாமியார். "பருப்பு பழசு, அத்தை" என்பாள் மருமகள். "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவோம்" என்பார் வீட்டுக்காரர்.

குற்றம் அடுப்பிலும் இல்லை, பருப்பிலும் இல்லை. ஊரின் உயரம்தான் காரணம்!

மதுரையிலிருந்து வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ம் ஆண்டில் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஊர் இது. கல் சுவரும் புகைபோக்கியும் உள்ள பழைய வீடுகளை இன்றும் இங்கே பார்க்கலாம். அந்த வீடுகளில் சமையல் சாமான்கள் தேய்ந்து போனால் என்ன செய்வது?

கடைக்குப் போவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அதுதான் முதல் வேலை.

93 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால், கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அதாவது 7 ஆயிரம் அடி. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் தண்ணீர் சூடேறாது. அடிவாரத்தில் உள்ள பழனியில் தண்ணீர் 99 டிகிரி வரை போகும். இந்த 6 டிகிரி வித்தியாசம்தான் பருப்பை வேக விடாமல் செய்கிறது.

இதற்கு மருந்து பிரஷர் குக்கர். டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ம் ஆண்டிலேயே இதன் மூதாதையைச் செய்துவிட்டார். ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டினால் சூடும் கூடும். எலும்பும் வெந்துவிடும்!

குக்கர் பழசானால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். பாதுகாப்பு வால்வையும் பாருங்கள். விசில் அடைத்துக்கொண்டு, உள்ளே அளவுக்கு மீறிச் சூடேறினால் திறந்து வழிவிடுவது அதுதான். அதே கம்பெனியின் வால்வைத்தான் போட வேண்டும். ஆணி, திருகு வைத்து அடைப்பது ஆளைக் கொல்லும் காரியம். பாத்திரத்தின் அடி உப்பியிருந்தாலோ, மூடி சரியாகப் பூட்டாவிட்டாலோ குக்கரையே மாற்றிவிடுங்கள்.

குக்கரிலும் மலைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். பழனியில் மூன்று விசில் விட்டால், இங்கே இன்னும் ஒன்றிரண்டு விட்டுப் பாருங்கள். கரண்டில் வேகும் ரைஸ் குக்கர் ஆவியை அடைத்து வைப்பதில்லை. ஆகவே அரிசியை ஊற வைத்து, தண்ணீரையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

சுவரைப் பாருங்கள்!

பழைய வீட்டில் பெரிய ஆபத்து சாமானில் இல்லை; சுவரில் இருக்கிறது.

முன்பு அந்த வீட்டுக்கு நாலு விளக்கும் ஒரு ரேடியோவும்தான் பளு. அதற்கேற்ற மெல்லிய வயரைப் போட்டார்கள். மரப்பட்டைக்குள் ஓடும் அந்த வயரின் ரப்பர் உறை காலப்போக்கில் காய்ந்து உதிரும். மேகமும் மழையும் சுவரை ஈரமாக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். மிக்சிக்கு இது தாராளம். ஆனால் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் செருகினால்? பாயிண்ட் சூடாகும், பிளாஸ்டிக் கருகும், பிறகு தீ!

அத்தகைய அடுப்புக்கு 16 ஆம்பியர் பாயிண்டும், அதற்குத் தகுந்த கனமான வயரும் வேண்டும்.

இரண்டு துளை மட்டும் உள்ள பாயிண்டில் எர்த் கம்பி கிடையாது. மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுச் செருகுவோரும் உண்டு. அந்த முள் அலங்காரத்துக்கு அல்ல. சாமானின் உடலில் மின்சாரம் கசிந்தால், அதைப் பூமிக்கு அனுப்பி உயிரைக் காப்பது அதுதான்.

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்சையும் பொருத்தச் சொல்லுங்கள். கசிவு ஏற்பட்டால் அது கண நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

காஸும் கரியும்

மலைக் குளிரில் விடியற்காலை காஸ் அடுப்பு மந்தமாக எரியலாம். குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதே காரணம். அதற்காகச் சிலிண்டரை நெருப்பருகே வைக்காதீர்கள். வெயில் ஏறினால் தானே சரியாகும்.

ரப்பர் குழாயை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயை வாங்கி, 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவையும் ஜன்னலையும் திறங்கள்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். விறகு அடுப்பு உள்ள வீட்டில் புகைபோக்கியை அடைக்காதீர்கள். ஆண்டுதோறும் கரியைச் சுரண்டி வையுங்கள்.

கல்லைக் கொத்தினால் போதும்!

கோவையில் 1955-ம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லின் வேலையை மோட்டார் வாங்கிக்கொண்டது.

கிரைண்டர் மாவு நைசாக அரைக்கவில்லையா? கல் தேய்ந்திருக்கும், கொத்தி வாங்குங்கள். சுற்றவில்லையா? பெல்ட்டைப் பாருங்கள். மிக்சியில் பிளேடும் ரப்பர் வளையமும் தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். மோட்டார் எரிந்து போனால்தான் புதிய சாமானைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இன்னொன்று: மாவு புளிக்காவிட்டால் கிரைண்டரைத் திட்டாதீர்கள். அது குளிரின் வேலை. மாவுப் பாத்திரத்தைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தி, கூடுதல் நேரம் விடுங்கள்.

குளிர்பெட்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. கோடையிலும் இங்கே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மதுரை வீட்டுக்கு வாங்கும் அளவு இங்கே தேவைப்படாது. சிறியதே போதும், பணமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். பழைய பெட்டியைச் சோலையிலோ ஓடையிலோ தள்ளாதீர்கள். மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

செலவின் வரிசை

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால், இந்த வரிசையில் செலவு செய்யுங்கள்:

முதலில் வயரும் எர்த்தும்.

இரண்டாவது காஸ் குழாய்.

மூன்றாவது குக்கரின் வளையமும் வால்வும்.

நாலாவது கிரைண்டர், மிக்சி ரிப்பேர்.

கடைசியில்தான் புதுச் சாமான்!

பளபளப்பான அடுப்பை விருந்தாளிகள் பார்த்து மெச்சுவார்கள். சுவருக்குள் ஓடும் எர்த் கம்பியை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் மின்சாரம் கசியும் சாமானை ஈரக் கையோடு தொடும் குழந்தையைக் காப்பாற்றப் போவது அந்தக் கம்பிதான்.